யாளியின் இடக்கண்ணில் விழுந்த வெடிப்பு: ஒரு வாகைப் பலகையின் நிகழ்வாய்வு

2023 ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, யாளிக்கு இடது கண்ணில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை," என்றாள். சற்று நேரத்தில் படம் வந்தது. அது முடியில்லை. பலகையின் மேல் விளிம்பில் தொடங்கி, நெற்றிச் சுருளைக் கடந்து, கண்மணியை இரண்டாகப் பிளந்து, கன்னத்தில் வந்து நின்றிருந்தது வெடிப்பு. சுவரில் மாட்டி 19 நாட்கள்தான் ஆகியிருந்தன. செதுக்க எனக்கு ஆன காலம் மூன்றரை மாதம்.

நான் தொழில்முறைச் சிற்பி அல்லன். திருச்சியில் அலுவலக வேலை. மாலையில் இரண்டு மணி நேரமும் ஞாயிறு முழுவதும் மொட்டைமாடிக் கொட்டகையில் உளியோடு இருப்பவன். அந்த யாளி என்னுடைய ஒன்பதாவது பலகை. முந்தைய எட்டில் எதுவும் வெடித்ததில்லை. அவை எல்லாம் கையகலத் துண்டுகள் என்பதால்தான் தப்பின என்பது அப்போது தெரியாது. எட்டு முறை தப்பித்ததைத் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பலகையின் அளவு 12 அங்குல உயரம், 9 அங்குல அகலம், 2 அங்குல கனம். ரேகை, அதாவது நார் ஓடும் திசை, மேலிருந்து கீழ். மரம் வாகை. நிறத்துக்காகவே வாகையை எடுத்தேன்: வைரப்பகுதி அடர்ந்த பழுப்பு, ஊடே கறுப்புக் கோடுகள், எண்ணெய் பட்டதும் பழைய ஊஞ்சல் பலகையைப் போல் பளபளக்கும். யாளி மூக்கு 2 அங்குலமும் அப்படியே நிற்க, பின்புலத்தை அரை அங்குலத்துக்கு இறக்கினேன். முகப்பில் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு. பின்பக்கம் ஒன்றும் பூசவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? மாட்டுவதற்கு வசதியாக, முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றைப் பின்னால் வைத்து நான்கு மூலைகளிலும் திருகாணி முடுக்கினேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லாருக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. பெரும்பாலோர் சொன்னது ஏசி. நல்ல விளக்கம், ஆனால் அந்த வீட்டில் ஏசி கிடையாது. அடுத்து, மரம் சரியில்லை என்றார்கள். அதை நானும் உடனே ஏற்றுக்கொண்டேன். பழியை வேறோரிடத்தில் இறக்கி வைக்க எனக்கு வசதியாக இருந்தது. பலகை வாங்கிய மரவாடியில் "இரண்டு வருடம் ஆன மரம், தைரியமாக எடுத்துப் போங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

மே மாத விடுமுறைக்கு வந்தபோது அக்காள் மகள் பலகையையும் பையில் சுற்றி எடுத்துவந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அரும்பாவூர் போனேன். பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து ஊர். அங்கே செய்யும் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று பல மரங்களில் வேலை செய்யும் ஊர் என்பதால் வாகையைப் பற்றி அங்கே கேட்பதுதான் முறை என்று தோன்றியது. ஒரு பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் காட்டச் சொன்னார். நான் பெருமையும் துக்கமுமாக யாளி முகத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"முகத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் திருப்புங்கள்," என்றார்.

திருப்பினேன். பிளைவுட்டையும் நான்கு திருகாணிகளையும் பார்த்தார். "மேளத்துக்குத் தோல் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரத்தோலை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிக் காயவிடுகிறார்கள். தோல் என்பதால் விறைத்து நிற்கிறது. மரம் என்றால்?" அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு யாளியின் மீசையைப் பார்த்து, அந்தச் சுருளை இன்னும் ஆழமாக எடுத்திருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து முதலில் வெடிப்பை அளந்தேன். மேல் விளிம்பில் இரண்டரை மில்லிமீட்டர். நீளம் 7 அங்குலம். நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவது கழன்றபோது பலகை 'டக்' என்று ஓசையிட்டது. திரும்பவும் அளந்தபோது வெடிப்பு ஒரு மில்லிமீட்டர்தான் இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் என் கண் முன்னால் மூடிக்கொண்டது. அதாவது வெடிப்பைப் பாதிக்கும் மேல் அகலமாக இழுத்துப் பிடித்திருந்தது மரமோ பெங்களூரோ இல்லை, என் நான்கு திருகாணிகள்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை, உலர்ந்தாலும் அது சுருங்குவதில்லை. நாளங்களில் தேங்கிய நீர்தான் போகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது நார்ச்சுவர்களுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது, மரம் சுருங்கத் தொடங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் மிக அற்பம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்தின் போக்கில், முழுதாக உலரும்போது, வாகை சுமார் 3 சதவீதம் சுருங்கும்; வளர்ச்சி வளையத்தை ஒட்டிய போக்கில் அதைப் போல் இரண்டு மடங்கு, சுமார் 6. என் பலகையின் அகலத்தில் வளையத்தின் போக்கும் கலந்திருந்தது. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலம் அதிகபட்சமாக 0.2 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். திருகாணிகளுக்கு இடையே 8 அங்குலம், அதாவது 203 மில்லிமீட்டர். ஈரம் 16இலிருந்து 9க்கு இறங்கினால் ஏழு சதவீத இறக்கம், சுருக்கம் 2.8 மில்லிமீட்டர். பிளைவுட் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டவை என்பதால் அது அநேகமாக அசையாது. சுருங்க விரும்பும் பலகையும் விடமாட்டேன் என்னும் பிளைவுட்டும் இழுத்துக்கொண்டால், இருவரில் பலவீனமான இடம் கிழிய வேண்டியதுதான்.

16, 9 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். ஒன்பது, காற்றிலிருந்து வருகிறது: காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் நின்றால் மரம் நாளடைவில் 9 சதவீத ஈரத்தில் வந்து நிலைக்கும், 70 சதவீதத்தில் நின்றால் 13. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பெங்களூரு நன்றாக உலர்ந்து கிடக்கும் ஊர். பதினாறை நான் அளந்தேன். அதே பலகையிலிருந்து அறுத்த ஓரடி மிச்சத்துண்டு கொட்டகையில் மேசைக்கடியில் கிடந்தது. அதிலிருந்து, மேற்பரப்பை ஒட்டி ஒரு சீவலும் நட்ட நடுவிலிருந்து ஒரு சீவலும் அறுத்து எடுத்து, எடை போட்டு, கேக் சுடும் அடுப்பில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். வீட்டில் இரண்டு நாள் வாகை வாசனை; அதைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. மேற்சீவல் 98 கிராமிலிருந்து 87க்கு வந்தது: ஈரம் 12.6 சதவீதம். நடுச்சீவல் 146இலிருந்து 124க்கு: 17.7 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 16. வாங்கி ஆறு மாதம் கழித்தும் நடுவில் அவ்வளவு நீர். செதுக்குவது என்றால் மேற்பரப்பை வெட்டி எறிந்துவிட்டு நடுவை வெளியே கொண்டுவருவது அல்லவா? உலர்ந்த பகுதியைச் சிலாம்பாக்கித் தள்ளிவிட்டு ஈரப்பகுதியில் கண்ணும் மூக்கும் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் மரவாடிக்காரர் சொன்ன இரண்டு வருடம்? திரும்பப் போய், சண்டை போடும் குரலில் இல்லாமல், எப்போது அறுத்தது என்று கேட்டேன். மரம் வெட்டி இரண்டு வருடம் ஆனது உண்மை. பட்டையோடு உருட்டாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பலகையாக அறுத்தது நான் வாங்கிய 2022 நவம்பருக்கு முந்தைய வாரம். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. முழு உருட்டு இரண்டு வருடம் கிடந்தாலும் உள்ளே பச்சைதான். நாரின் போக்கில், வெட்டுமுனை வழியாக, நீர் வேகமாக வெளியேறும். பக்கவாட்டில் மிக மெதுவாக. அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்லும் கணக்கு பலகையாக அறுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. மரம் வாங்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: "எத்தனை வருடம் ஆயிற்று" என்று கேட்காதீர்கள், "அறுத்து எத்தனை மாதம்" என்று கேளுங்கள்.

திருகாணிதான் முதல் குற்றவாளி என்று முடிவு கட்டுமுன் ஒரு சோதனை செய்துபார்த்தேன். மிச்சத்துண்டில் எஞ்சியதிலிருந்து 9 அங்குல அகலத்தில், அரை அங்குலக் கனத்தில் இரண்டு பலகைகள். ஒன்றை யாளியைப் போலவே பிளைவுட்டில் முடுக்கினேன். மற்றதைச் சும்மா விட்டேன். மே மாதத்துத் திருச்சி வெயிலில், தகரக் கூரைக்கடியில், இரண்டையும் அருகருகே வைத்தேன். பதினோராம் நாள் முடுக்கியது பிளந்தது. மற்றது கிண்ணம்போல் லேசாக வளைந்தது, பிளக்கவில்லை. ஒரே ஒரு ஜோடியை வைத்துச் செய்த சோதனை ஆய்வகத்தில் செல்லாது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் திருகாணியைக் கழற்றிய பிறகும் ஒரு மில்லிமீட்டர் மூடவில்லையே. அதற்கான விடை பலகையின் மேல் வெட்டுமுகத்தில் இருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், வளைய வில்கள் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தொலைவில், பின்முகத்தை ஒட்டி, ஒரு புள்ளியைச் சுற்றிக் குவிந்தன. அதுதான் சோற்றி, மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மென்மையான தண்டு. சோற்றி உள்ளே இருக்கும் துண்டு, வளையப்போக்கில் அதிகமாகவும் ஆரப்போக்கில் குறைவாகவும் சுருங்குவதால், சுற்றிலும் இறுகி, மையத்தை நோக்கி எங்காவது பிளந்தே தீரும். வெடிப்பு நூல் பிடித்ததுபோல் சோற்றியை நோக்கித்தான் இறங்கியிருந்தது. யாளியின் கண் அந்தக் கோட்டில் இருந்தது தற்செயல். இதைப் பழைய சிற்பிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் இடைக்கால லிண்டன் மரச் சிற்பங்கள் பலவற்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் தொட்டிபோல் குடைந்திருக்கும். நடுவை எடுத்துவிட்டால் வெடிக்க வேலையில்லை. ஜப்பானில் ஜோச்சோ என்ற சிற்பி 1053இல் உஜி நகரின் பியோதோயின் கோயிலுக்குச் செய்த அமிதா புத்தர், பல மரத்துண்டுகளைக் குடைந்து இணைத்துச் செய்தது. நான் வெட்டுமுகத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் பலகை வாங்கியவன்.

வார்னிஷின் பங்கு இவற்றுக்கு அடுத்தபடி. முகப்பில் மூன்று பூச்சு, முதுகில் ஒன்றுமில்லை என்றால் நீர் ஒரு பக்கமாகவே வெளியேறும். முதுகு முந்திச் சுருங்கும், முகப்பு பின்தங்கும். பலகை அதைச் சமாளிக்க வளைய முயலும். வளையவும் திருகாணி விடவில்லை.

இதற்கிடையே ஒரு வேடிக்கை. செதுக்கும்போது யாளியின் வலது கோரைப்பல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. பல் பக்கவாட்டில் வளைந்து நீள்கிறது, ரேகையோ மேலிருந்து கீழ். பல்லின் குறுக்கே நார்கள் அரை அங்குலம்கூட நீளமில்லை. பிஸ்கட்டைப்போல் ஒடிந்ததில் வியப்பில்லை. மரப்பசை வைத்து ஒட்டி, இரவு முழுவதும் கட்டிவைத்தேன். வெடிப்பு வந்தபோது முதலில் அந்தப் பல்லைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை, இன்றுவரை அசையவில்லை.

பல் ஒடிந்ததற்கு உளியும் காரணம். வாகையில் நார்கள் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியுமாகப் பின்னி ஓடும். ஒரு விரற்கடை தூரம் வெண்ணெயாக வெட்டும் குழியுளி, அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொண்டு வரும். திசையை மாற்றினால் முதல் இடம் பிய்யும். கூர்மை ஒன்றுதான் வழி. நான் கடையில் வாங்கி வைத்திருந்த உளித் தொகுப்பு 30 டிகிரிச் சரிவில் வந்தது. அதைத் தட்டித் தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டலும் பல்லின் வேரில் போய் விழுந்தது. பிறகு பாதி உளிகளைச் சாணைக்கல்லில் 23 டிகிரி வரை தேய்த்து, தோல்பட்டையில் பச்சை மெருகுப் பசை தடவித் தீட்டிக்கொண்டேன். மின்சாணையில் அவசரப்பட்டதால் ஒரு உளியின் முனை நீலம் பாய்ந்து பதம் போனது வேறு கதை. நீலம் தெரிந்தால் அந்த இடம் வரை தேய்த்து எறிவதைத் தவிர வழியில்லை. இப்போது அதிகம் கையில் எடுப்பது, உள்ளூர்க் கொல்லர் லாரிப் பட்டை ஸ்பிரிங்கில் அடித்துக் கொடுத்த மூன்று குழியுளிகளை. பிடி கோணல், பார்க்க அழகில்லை, ஆனால் கூர் நிற்கிறது. கரடுமுரடாக வெட்டித் தள்ளும்போது மட்டும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை எடுக்கிறேன். முகவேலை முழுவதும் இரண்டு கைகளும் உளியின் மேல்தான். ஒரு கையில் மரமும் மறுகையில் உளியுமாகச் செதுக்கி நான் போட்டுக்கொண்ட நான்கு தையல்கள் இடது கட்டைவிரலில் இருக்கின்றன.

இரண்டாவது யாளிக்கு மரம் தேடும்போது 2023 ஜூன் ஆகிவிட்டது. மீண்டும் வாகைதான். தேக்கு எடுக்கச் சொன்னார்கள். தேக்கு சாது, சுருக்கமும் சற்றுக் குறைவு, ஆனால் எனக்கு அந்தக் கறுப்புக் கோடுகள் வேண்டியிருந்தன. இம்முறை வெட்டுமுகத்தில் வளையங்கள் செங்குத்தாக நிற்கும் பலகையாகப் பொறுக்கினேன்: அகலம் ஆரத்தின் போக்கில் இருக்கும், சுருக்கம் பாதியாகும். வெளிறிய வெள்ளைப்பகுதி முழுவதையும் அறுத்து எறிந்தேன். அதிலிருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. முகப்பவுடர் போன்ற தூளும் குண்டூசித் துளைகளும் முதல் பலகையின் ஒரு மூலையில் ஏற்கெனவே தெரிந்தன.

இரு வெட்டுமுனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசினேன். கீழே ரீப்பர் துண்டுகள் வைத்து, காற்றுப் புகும்படி நிழலில் அடுக்கி, ஞாயிறுதோறும் எடை போட்டு பென்சிலால் பலகையிலேயே எழுதினேன். முதல் எடை 3,020 கிராம். தொடக்கத்தில் வாரம் 40 கிராம் இறங்கியது, பிறகு 10, பிறகு ஒன்றிரண்டு. ஐப்பசி மழையில் 15 கிராம் ஏறவும் செய்தது. 2024 ஏப்ரலில் 2,540இல் வந்து ஒரு மாதம் அசையாமல் நின்றது. இந்தப் பத்து மாதக் காத்திருப்பைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இடையில் கரண்டிகள் செதுக்கினேன்.

செதுக்கியதில் முக்கிய மாற்றம், மூக்கின் பின்புறத்தைக் குடைந்தது. எங்கும் கனம் முக்கால் அங்குலத்துக்கு மிகாமல் பார்த்துக்கொண்டேன். மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் வெவ்வேறு வேகத்தில் உலர்ந்து இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு குறையும். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடுவதில்லை. உண்மையில் உப்புத்தாளையே இந்தமுறை பின்புலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். முதல் யாளியை வழவழப்பாகத் தேய்த்து, சோப்பில் செய்ததுபோல் ஆக்கியிருந்தேன். உளி விட்ட பட்டைகள் வெளிச்சத்தில் மின்னுவதில்தான் மரவேலையின் முகம் இருக்கிறது. தவிர, தேய்த்த இடத்தில் மறுபடி உளி வைத்தால் நாரில் புதைந்த மணல்துகள் உளியின் கூர்மையைத் தின்றுவிடும்.

பூச்சு: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சமபங்கு டர்பன்டைன் கலந்து முதல் கை, பிறகு எண்ணெய் மட்டும் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நாள், கடைசியில் தேன்மெழுகு. முகப்புக்கு எத்தனை கையோ முதுகுக்கும் அத்தனை. எண்ணெய் ஈரத்தைத் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்; அந்த வேலையில் வார்னிஷ் எண்ணெயைவிட மேல். இரு பக்கமும் ஒரே வேகத்தில் மூச்சு விட வேண்டும் என்பதே என் நோக்கம். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது காற்றில் இறுகாது. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுப் பிறகுதான் எறிய வேண்டும்.

பின்பலகையில் இடப்பக்கத் துளைகள் இரண்டும் வட்டம். பலகை சுருங்கவும் விரியவும் இடம் இருக்கும்படி வலப்பக்கத் துளைகளை அரத்தால் ராவி, குறுக்குவாட்டில் 6 மில்லிமீட்டர் நீளப் பள்ளமாக்கி, பித்தளை வாஷர் போட்டு, திருகாணியை முழுதாக முடுக்காமல் கால் சுற்று தளர்த்தி விட்டேன். முதல் யாளியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வெடிப்பில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைக்கலாம் என்றார்கள். வறண்ட மாதத்தில் கெட்டியாக அடைத்துவிட்டு மழை மாதத்தில் மரம் விரியும்போது, அடைப்பே ஆப்பாக நின்று விளிம்புகளை நசுக்கும். அடுத்த கோடையில் வெடிப்பு இன்னும் அகலமாகும். நவம்பரில் பார்த்தபோது அது அரை மில்லிமீட்டருக்கு ஒடுங்கியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். பிளைவுட் இல்லாமல், ஒற்றை ஆணியில், இப்போது என் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

புதிய யாளி 2024 நவம்பரில் பெங்களூருக்குப் போனது. அதே சுவர், அதே ஆணி. அக்காள் மகளுக்கு ஒரு வெர்னியர் அளவியும் வாங்கிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து அனுப்புகிறாள். நவம்பரில் 228.0 மில்லிமீட்டர். ஜனவரியில் 227.6. மார்ச் கடைசியில் 226.9. ஜூன் மழைக்குப் பிறகு மீண்டும் 227.5. கண்ணில் கோடு இல்லை. ஜூலையில் போயிருந்தபோது கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கப் பித்தளை வாஷர் இரண்டிலும், திருகாணித் தலை உரசிய இடத்தில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் புதிய பளபளப்பு தெரிந்தது.